எல்லையிலிருந்து வீட்டுக்கு: பேச்சைத் திரும்பப் பழகுவோம்

முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான ஒரு பாடம்

என் மாமா ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்தார். 19 வயதில் சேர்ந்தவர். 24 வருடம் பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வுபெற்று, 2019-ல் குடியாத்தம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். கார்கிலில் இருந்தவர். அதற்குப் பிறகு காஷ்மீரில் இரண்டு முறை பணி. பஸ் ஸ்டாண்டிலிருந்து மேளதாளத்தோடு கூட்டிவந்தார்கள். மாலை, பொன்னாடை, செல்ஃபி எல்லாம் ஆச்சு.

நாலாவது மாதம் என் அத்தை என் அம்மாவிடம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "முன்னாடி லீவுக்கு வருவார், வீடே திருவிழா மாதிரி இருக்கும். இப்ப வீட்டிலேயே இருக்கார். ஆனா ஆளே இல்லாத மாதிரி இருக்கு அண்ணி."

அந்த வருடம் தீபாவளிக்கு மறுநாள் மாமாவுக்கும் அவர் மகனுக்கும் டிவி சத்தத்தை வைத்து ஒரு சண்டை. சின்ன விஷயம்தான். ஆனால் மகன் பையை எடுத்துக்கொண்டு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனவன், ஏழு மாதம் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடம் மட்டும் போன் செய்வான்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று பெயர் எடுத்த ஊர்களே இருக்கின்றன. ஓய்வூதியம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வீட்டுக்குள் பேச்சு நின்றுபோவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான். படைவீரர்கள், அவர்களின் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

1. லீவு வேறு, வீடு வேறு

ராணுவ ஜவானுக்கு வருடத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. அதையும் துண்டு துண்டாகத்தான் எடுக்க முடியும். அந்த நாட்களில் அவர் விருந்தாளி. கறி சோறு, கோயில், சொந்தக்காரர் கல்யாணம் என்று ஓடிவிடும். மனக்கசப்பு இருந்தால்கூட, "போற மனுஷன்கிட்ட எதுக்குச் சண்டை" என்று மனைவி விழுங்கிவிடுவார். அவரும், "இருக்கிறதே பத்து நாள்" என்று விட்டுவிடுவார்.

ஓய்வு பெற்று வந்தபின் விருந்து முடிந்துவிடுகிறது. சிப்பாய், நாயக், ஹவில்தார் நிலைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் 35 முதல் 45 வயதுக்குள்ளேயே வீடு திரும்புகிறார்கள். இன்னும் பாதி ஆயுள் மீதி இருக்கிறது.

இதற்குள் வீடும் மாறியிருக்கிறது. ரேஷன், பேங்க், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், மாமியாரின் ஆபரேஷன், கூரை ஒழுகல் என்று அத்தனையையும் தனியாக முடிவு செய்த மனைவி இருக்கிறார். அப்பா என்றால் வீடியோ காலில் வரும் முகம் என்று வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு நாள் திடீரென்று ஒருவர் வந்து "இனிமே நான் பார்த்துக்கறேன்" என்றால், அவர் உதவுவதாக நினைக்கிறார். மனைவிக்கோ இவ்வளவு நாள் தான் செய்தது எதுவும் சரியில்லை என்று சொல்வது போலக் கேட்கிறது. இரண்டு பேர் மீதும் தப்பு இல்லை. ஆனால் இரண்டு பேரும் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

2. களத்தில் காப்பாற்றிய பழக்கம், வீட்டில் சண்டையாகிறது

போர்க்களத்தில் இருந்து வந்தவரின் பேச்சு மாறுவதற்குக் காரணம் திமிரோ பாசம் இல்லாததோ கிடையாது. உயிரோடு இருக்க அவர் பழகிய பழக்கங்கள்தான் வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகின்றன. அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கருத்தை வைத்தே வீடு திரும்பும் வீரர்களுக்கு ஒரு பயிற்சியை உருவாக்கியது. நம் வீடுகளுக்குப் பொருத்தி ஐந்து பழக்கங்களைப் பார்ப்போம்.

• சுருக்கமான கட்டளை. அங்கே நீட்டி முழக்க நேரம் இல்லை. "வா", "உட்கார்", "அணை" என்றால் உடனே நடக்க வேண்டும். வீட்டில் அதே தொனியில் "தண்ணி" என்றால், கேட்பவருக்குச் சுருக்கென்று தைக்கிறது.

• சொல்லாமல் இருப்பது. எங்கே இருக்கிறோம், எப்போது கிளம்புகிறோம் என்று வீட்டுக்குக்கூடச் சொல்லக்கூடாது என்பது விதி. வருடக்கணக்கில் அப்படி இருந்தவர், வீட்டிலும் "எங்க போறீங்க?" என்று கேட்டால் "வெளியே" என்று மட்டும் சொல்வார்.

• உணர்ச்சியை அடக்குவது. பக்கத்தில் இருந்தவர் விழுந்தாலும் வேலையை விடக்கூடாது. அழுகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார்கள். பலருக்கு அந்தப் "பிறகு" வருவதே இல்லை. அம்மா இறந்தபோதுகூட அழவில்லை என்று ஊர் பேசும்.

• எப்போதும் உஷார். ஓட்டலில் சுவரில் சாய்ந்து, வாசலைப் பார்த்தபடிதான் உட்கார்வார். கூட்டமான கல்யாண மண்டபத்தில் பத்து நிமிடத்தில் "கிளம்பலாமா" என்பார். திருவிழா வேட்டு, சாவு ஊர்வலத்து வெடி, தீபாவளிப் பட்டாசு என எது திடீரென்று வெடித்தாலும் உடம்பு முந்திக்கொண்டு துள்ளும். அந்த நேரத்தில் யாராவது கேள்வி கேட்டால் பதில் கோபமாகத்தான் வரும்.

• தன் ஆட்களை மட்டும் நம்புவது. யூனிட் நண்பர்களோடு வாட்ஸ்அப்பில் இரவு 11 மணி வரை சிரித்துப் பேசுவார். வீட்டில் மௌனம். மனைவிக்கு இது வலிக்கும். அவருக்கோ, அந்த நண்பர்களிடம் எதையும் முதலில் இருந்து விளக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலை வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்து படித்து, "நம்ம வீட்டுல இதுல எது இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பழக்கத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால், ஆளைத் திட்டுவது குறையும்.

3. முதலில் காதைப் பாருங்கள்

பலரும் நினைத்துப் பார்க்காத ஒரு காரணம் காது. துப்பாக்கி, பீரங்கி, வெடிகுண்டுச் சத்தம் உள்காதில் உள்ள நுண்ணிய செல்களைச் சேதப்படுத்தும். ஒருமுறை போன அந்த செல்கள் திரும்ப வளராது. வலி இருக்காது. ஆளும் உணரமாட்டார்.

இந்த வகைக் கேட்புக் குறைபாட்டில் முதலில் பாதிக்கப்படுவது உயர்ந்த சுருதி ஒலிகள். அதாவது பெண்கள், குழந்தைகளின் குரல். "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியலை" என்பதுதான் இதன் அடையாளம். மிக்ஸி ஓடும்போதும் டிவி ஓடும்போதும் இன்னும் மோசம். வலது கையால் ரைஃபிள் சுடுபவர்களுக்கு, துப்பாக்கி முனைக்கு நெருக்கமாக இருக்கும் இடது காது கூடுதலாகப் பாதிக்கப்படுவது வழக்கம். சிலருக்குக் காதில் ஓயாத இரைச்சலும் இருக்கும். அது தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் "மதிக்கலை" என்று வீட்டில் நினைக்கிறார்கள். சத்தமாகப் பேசினால் "அதட்டுறார்" என்கிறார்கள். டிவி சத்தத்தைக் கூட்டினால் சண்டை. காது கேட்காதவர் தன் குரலையே சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் சத்தம்.

செய்ய வேண்டியது: காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு கேட்புத்திறன் பரிசோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செய்துகொள்ளலாம். முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். உறுப்பினராக இருந்தால், அதன் பாலி கிளினிக் மூலம் பரிசோதனைக்கும் காது கேட்கும் கருவிக்கும் வழி உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியது: முதுகுக்குப் பின்னால் இருந்தும் அடுத்த அறையில் இருந்தும் பேசாதீர்கள். முகம் தெரியும்படி நின்று, டிவியை நிறுத்திவிட்டு, கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள். பேச்சை எழுத்தாக மாற்றித் திரையில் காட்டும் வசதி இப்போது ஆண்ட்ராய்டு போனில் தமிழிலும் இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது கைகொடுக்கும்.

4. எப்படிக் கேட்பது, எப்படிக் கேட்கக்கூடாது

கேட்கக்கூடாத கேள்விகளில் முதலாவது: "எத்தனை பேரைச் சுட்டீங்க?" ஊர்ப் பெரியவரில் இருந்து பேரப்பிள்ளை வரை சகஜமாகக் கேட்கிறார்கள். கேட்பவருக்கு அது சினிமா. பதில் சொல்ல வேண்டியவருக்கு அது ஒரு முகம், ஒரு ராத்திரி. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விருந்தாளி கேட்டால், "அதெல்லாம் அவரே சொல்லும்போது கேட்டுக்கலாம்" என்று நீங்களே பேச்சை மாற்றுங்கள்.

"எல்லாம் மறந்துடுங்க" என்பதும் உதவாது. மறக்க முடிந்திருந்தால் அவர் எப்போதோ மறந்திருப்பார்.

"ஏன் இப்படி இருக்கீங்க?" என்பதற்குப் பதிலாக, பார்த்ததைச் சொல்லி நிறுத்துங்கள். "மூணு நாளா நீங்க சரியா தூங்கலைன்னு தெரியுது. பேசணும்னா நான் இருக்கேன்." அவ்வளவு போதும். உடனே பதில் வராது. வராவிட்டால் தொந்தரவு செய்யாதீர்கள்.

எதிரும் புதிருமாக உட்கார்ந்து "சொல்லுங்க" என்றால் விசாரணை மாதிரி ஆகிவிடும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது பேச்சு சுலபமாக வரும். காலை நடை, தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுவது, வண்டியில் சந்தைக்குப் போவது போன்ற நேரங்கள் நல்லவை.

கெட்ட கனவில் அலறினால் தொட்டு உலுக்காதீர்கள். தூக்கத்தில் அவர் உங்களை எதிரியாக நினைத்துக் கையை ஓங்கக்கூடும். லைட்டைப் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்று அவரைக் கூப்பிட்டு, "நம்ம வீட்லதான் இருக்கீங்க" என்று சொல்லுங்கள்.

தீபாவளி, திருவிழா வருகிறது என்றால் எப்போது வெடிப்பார்கள் என்று முன்பே சொல்லுங்கள். எதிர்பார்த்த சத்தத்தைத் தாங்குவது எளிது.

5. படைவீரர்களே, உங்களுக்கு

வீட்டில் இருப்பவர்கள் உங்கள் களத்தைப் பார்த்ததில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார்கள். பெரும்பாலும் "என் மேல பாசம் இல்லை" என்றுதான் நினைப்பார்கள்.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. "சில விஷயம் பேச முடியலை, உன் மேல கோபம் இல்லை" என்ற ஒரே வரி, மனைவிக்குப் பல நாள் தூக்கத்தைத் திருப்பித் தரும்.

கோபம் ஏறுவது தெரிந்தால் எழுந்து போகலாம். ஆனால் சொல்லிவிட்டுப் போங்கள்: "அரை மணி நேரத்துல வரேன், அப்புறம் பேசலாம்." சொன்னபடி திரும்பியும் வாருங்கள். சொல்லாமல் போவதுதான் வீட்டைப் பயமுறுத்துகிறது.

நேரில் சொல்ல நா எழவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். பிள்ளைகளுக்கு அது பழகிய மொழி.

வீட்டுப் பொறுப்பை ஒரே நாளில் கையில் எடுக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு ஒரு வேலை என்று மனைவியிடம் கேட்டு வாங்குங்கள். புதிதாக யூனிட்டுக்குப் போனால் முதலில் அங்கே எப்படி நடக்கிறது என்று பார்ப்பீர்கள் இல்லையா, அது மாதிரிதான்.

தூக்கத்துக்காகக் குடிப்பதும் வேண்டாம். குடி தூக்கத்தை வரவைப்பது போலத் தெரியும். நடு இரவில் எழுப்பிவிடும். கெட்ட கனவையும் கோபத்தையும் கூட்டும்.

6. எப்போது மருத்துவ உதவி தேவை?

முதல் உலகப் போரில் வீரர்களுக்கு வந்த பாதிப்புகளை 1915-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் மருத்துவ இதழில் எழுதினார். கோழைத்தனம் என்று அன்று பலர் பழித்தார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்று இதை முறைப்படி நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இன்று பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன.

கடந்த ஒரு மாதத்தை நினைத்து, இந்த ஐந்து கேள்விகளுக்கு ஆம் / இல்லை சொல்லுங்கள்.

1) பழைய சம்பவம் கனவாகவோ, வேண்டாதபோது நினைவாகவோ வருகிறதா?
2) அதை நினைக்காமல் இருக்க, அதை ஞாபகப்படுத்தும் இடம், ஆட்களைத் தவிர்க்கிறீர்களா?
3) எப்போதும் உஷாராக, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறீர்களா?
4) மனம் மரத்துப்போன மாதிரி, வீட்டாரிடமிருந்து விலகிப்போன மாதிரி இருக்கிறதா?
5) நடந்ததற்கு உங்களையோ மற்றவர்களையோ குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களா?

மூன்று அல்லது அதற்கு மேல் "ஆம்" வந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இதை வைத்து நோய் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். அதை மருத்துவர் சொல்வார்.

"செத்துடலாம்போல இருக்கு" என்ற பேச்சு, திடீரென்று பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, வீட்டில் கை ஓங்குவது ஆகியவற்றுக்கு ஒரு மாதம் காத்திருக்கக்கூடாது. அன்றே உதவி கேளுங்கள்.

7. போனில் இன்றே சேமிக்க வேண்டியவை

• 14416: 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை. மத்திய அரசின் டெலிமானஸ் திட்டத்தின் கீழ் 2022 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் இயங்குகிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். படைவீரர் மட்டுமல்ல, மனைவியும் பிள்ளைகளும் தங்களுக்காகவே அழைக்கலாம். முப்படையினருக்கும் குடும்பத்தினருக்கும் தனி டெலிமானஸ் மையம் ஒன்று 2023 டிசம்பரில் புணே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது.

• மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்: உங்கள் மாவட்ட அலுவலக எண்ணை மாவட்ட இணையதளத்தில் பார்த்துச் சேமியுங்கள். அங்கே உள்ள நல அமைப்பாளர்களும் முன்னாள் படைவீரர்கள்தான். சீருடை போட்டவரின் பிரச்சினையை முதலில் இருந்து விளக்க வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்தின் தேதியையும் அங்கேயே கேட்கலாம்.

• ஈ.சி.எச்.எஸ். பாலி கிளினிக்: 2003-ல் தொடங்கிய திட்டம். அட்டை வைத்திருப்பவரின் மனைவியும் தகுதியுள்ள சார்ந்தோரும் சிகிச்சை பெறலாம். பாலி கிளினிக் மருத்துவர் பரிந்துரைத்தால் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறலாம்.

• அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை: மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் இருப்பார். எந்த அட்டையும் இல்லாதவரும் போகலாம்.

• 181: வீட்டில் வன்முறை என்றால் பெண்கள் உதவி எண். 108: உயிருக்கு ஆபத்து என்றால்.

"மருத்துவரிடம் போனால் ஊருக்குத் தெரிஞ்சிடும், பென்ஷன் நின்னுடும்" என்ற பயம் பலருக்கு உண்டு. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சொல்கிறது. பென்ஷன் நீங்கள் செய்த பணிக்காகக் கிடைப்பது. மனநல சிகிச்சை எடுத்தார் என்பதற்காக அதை நிறுத்துவதில்லை.

இந்த வார வீட்டுப்பாடம்

ஒன்று, மேலே உள்ள எண்களைப் போனில் சேமியுங்கள். இரண்டு, டிவியை அணைத்துவிட்டு, தினம் 15 நிமிடம் இருவரும் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை. மூன்று, காது பரிசோதனைக்கு ஒரு தேதி குறியுங்கள்.

என் மாமா காதைப் பரிசோதித்தபோது, இடது காதில் கேட்கும் திறன் பாதிக்கு மேல் போயிருந்தது தெரிந்தது. அத்தை அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே அழுதுவிட்டார். "இத்தனை நாளா வேணும்னே திரும்பாம இருக்கார்னு நெனச்சேன்." கருவி பொருத்திய பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கனவுகளுக்காக அவர் தனியாக மருத்துவரைப் பார்த்தார், இப்போதும் பார்க்கிறார். கல்யாண மண்டபத்தில் இன்றும் வாசல் பக்கம்தான் உட்கார்வார்.

மகனிடம் விஷயத்தைச் சொன்னது அத்தைதான். அன்று இரவு ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் அப்பாவின் நம்பருக்கு அழைத்தான். என்ன பேசுவது என்று தெரியாமல், "கேக்குதாப்பா?" என்றான்.

"கேக்குது, சொல்லு" என்றார் மாமா.

உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில் இப்படி ஒரு வீடு இருந்தால் இந்தப் பாடத்தை அவர்களுக்கு அனுப்புங்கள். வீட்டில் இருக்கும் எல்லோரும் படிக்கட்டும்.